மாப்பிள்ளைக்கு என்ன வாங்குவது? அவருடைய கோல்ஃப் பையைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் மாப்பிள்ளை கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார். ஐந்தாறு வருடமாக வாரம் தவறாமல் கோல்ஃப் ஆடுகிறார். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள், விடுமுறை முடியும்வரை தங்குவார்கள். வேட்டி, வாட்ச், மோதிரம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை கோல்ஃப் சம்பந்தமாக ஏதாவது கொடுக்க ஆசை. சென்னையில் இருக்கும் சம்பந்தியும் 66 வயதில் இப்போதுதான் ஆடப் பழகுகிறார். 9 வயதுப் பேரனும் அப்பாவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறான். மூன்று பேருக்கும் சேர்த்து ரூ. 25,000 வரை செலவு செய்யலாம். எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆளுக்கொரு நல்ல ஸ்டிக் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

வேறு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், மாப்பிள்ளைக்கு ஸ்டிக் மட்டும் வாங்கிவிடாதீர்கள். இத்தனை வருடம் ஆடுகிறவரின் செட், அவர் உயரம், கை நீளம், வீச்சின் வேகம் எல்லாவற்றையும் பார்த்துப் பொறுக்கியதாக இருக்கும். தண்டு எவ்வளவு விறைப்பு, தலைப்பகுதி தரையில் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் ஸ்டிக்கில்கூட 33, 34, 35 அங்குலம் என்று அளவுகள் உண்டு. ஒரு அங்குலம் தவறினால் அவர் குனிந்து நிற்கும் விதமே கெட்டுப்போகும். தவிர, விதிப்படி பையில் 14 ஸ்டிக்குக்கு மேல் இருக்கக் கூடாது. எத்தனை அடியில் ஆட்டத்தை முடித்தார் என்று எண்ணும் போட்டியில் கூடுதலாக ஒன்று இருந்தால் குழிக்கு 2 அடி வீதம், சுற்றுக்கு 4 அடி வரை தண்டனையாக அவர் கணக்கில் ஏறும். அவர் பையில் ஏற்கெனவே 14 இருந்தால், நீங்கள் கொடுத்தது உள்ளே போக அவருக்குப் பழகிய ஒன்று வெளியே வர வேண்டும். மாமியார் கொடுத்ததாயிற்றே என்று நாலு வாரம் வைத்திருப்பார், பிறகு அது பீரோவுக்குப் பின்னால் போய்விடும். காலணியும் அப்படித்தான். நீளம் சரியாக இருந்தாலும் அகலம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரு முழுச் சுற்றான 18 குழியும் நடந்தால் எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஆகும், கடித்தால் தாங்காது.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஓயாமல் காசு கொடுத்து வாங்குவது பந்தும் கையுறையும்தான். பந்து தொலையும், கையுறை வியர்வையில் விறைத்துப்போகும். அவர் இப்போது பயன்படுத்தும் அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவில் இவற்றை வாங்கிக் கொடுத்தால் ஒன்றுகூட வீணாகாது. அது எது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. அதற்குக் கடைக்காரரைக் கேட்பதைவிட அவருடைய பையைக் கேட்பது நல்லது.

மகளிடம் சொல்லி, மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்தில் சில போட்டோக்கள் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதலில் பந்து. பையின் முன்புறம் கீழே இருக்கும் பெரிய ஜிப் பைக்குள் பெரும்பாலும் பந்துகள் இருக்கும். அவற்றில் கீறல் விழுந்து அழுக்கான பந்துகளை நம்பாதீர்கள், அவை புதரில் கண்டெடுத்ததாகக்கூட இருக்கலாம். மூன்று மூன்றாக அட்டை உறையில் பிரிக்காமல் இருப்பதுதான் அவர் காசு கொடுத்து வாங்கியது. பந்தில் கம்பெனி பெயர் பெரிதாகவும், பக்கவாட்டில் மாடல் பெயர் சிறிதாகவும் அச்சாகியிருக்கும். அந்தச் சின்ன எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். டைட்லிஸ்ட் கம்பெனியில் ப்ரோ வி1 ஒன்று, ப்ரோ வி1எக்ஸ் இன்னொன்று. எக்ஸ் போட்டது உயரமாகப் பறக்கும், அடிக்கும்போது கையில் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். ஓர் எழுத்துதானே என்று மாற்றி வாங்கினால், பழகிய தூரக் கணக்கு மாறிவிடும். பக்கத்தில் பெரிதாக இருக்கும் 1, 2, 3, 4 என்ற எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே மாதிரிப் பந்தோடு ஆடும் நாலு பேர் தங்கள் பந்தை அடையாளம் காண்பதற்காக அது.

பையில் ஏழெட்டுக் கம்பெனிப் பந்துகள் கலந்து கிடந்தால் அதுவும் ஒரு பதில்தான். பந்தைப் பற்றி அவர் அலட்டிக்கொள்வதில்லை என்று அர்த்தம். அப்படியானால் விலை உயர்ந்த யூரித்தேன் மேலுறைப் பந்து தேவையில்லை. யூரித்தேன் மென்மையானது, குழிக்கு அருகே குட்டையாக அடிக்கும்போது நன்றாகச் சுழன்று சீக்கிரம் நிற்கும். அந்த அருமை அதைத் தேடுகிறவருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு ஐயோனோமர் என்ற கெட்டி பிளாஸ்டிக் மேலுறை போட்ட இரண்டடுக்குப் பந்து போதும். கீறல் அவ்வளவு சீக்கிரம் விழாது, விலையும் குறைவு. இரண்டு வகையிலும் ஒரு டஜன் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட, அதனால் விமானத்தில் கொண்டுபோவது பெரிய பாரமில்லை. ஆன்லைனில் பாதி விலைக்குப் பெரிய கம்பெனிப் பந்து என்று வந்தால் விலகிவிடுங்கள். போலியாக இருக்கலாம், அல்லது குளத்திலிருந்து எடுத்து மேலே புதிதாக வண்ணம் பூசி அச்சடித்ததாக இருக்கலாம். அப்படிப் பூசினால் பந்தின் மேலிருக்கும் சிறு குழிகளின் ஆழம் மாறும், பறக்கும் தூரமும் திசையும் நிலையாக இருக்காது. "கோணாமல் நேராகப் போகும் பந்து" என்று விளம்பரம் செய்வதும் வேண்டாம், அவற்றில் பல போட்டிக்கு ஏற்காதவை.

அடுத்த போட்டோ, கையுறையின் மணிக்கட்டு உட்புறம். அளவு அங்கேதான் இருக்கும். எஸ், எம், எல் தவிர எம்.எல். என்றும் ஒன்று வரும். அது அச்சுப் பிழை அல்ல, எம்முக்கும் எல்லுக்கும் நடுவில் உள்ள அளவு. சில கையுறைகளில் எழுத்துக்குப் பதில் 22, 23, 24 என்று எண் இருக்கும். கேடட் என்று போட்டிருந்தால் விரல் குட்டை, உள்ளங்கை அகலம். சாதாரண அளவு அவருக்கு விரல் நுனியில் தொளதொளவென்று நிற்கும். வாங்கும்போது அதிகம் பேர் ஏமாறுவது இடக்கை, வலக்கை விஷயத்தில். வலக்கைக்காரர் கையுறையை இடது கையில் போடுவார். பெட்டியில் "லெஃப்ட் ஹேண்ட்" என்று இருந்தால் இடது கையில் அணிவது என்று பொருள், அதாவது வலக்கை ஆட்டக்காரருக்கானது. ஆனால் சில ஆன்லைன் கடைகளில் "லெஃப்ட் ஹேண்டட்" என்று வடிகட்டினால் இடக்கை ஆட்டக்காரருக்கான சாமான் வந்து நிற்கும். விளம்பரப் படத்தைப் பெரிதாக்கி, எந்தக் கைக்கு என்று கட்டை விரலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேப்ரெட்டா என்ற செம்மறித் தோல் கையுறைதான் பிடிமானத்துக்குச் சிறந்தது, ஆனால் வியர்வை அதற்கு எமன். மலேசிய வெயிலில் ஒரே கையுறையை 18 குழிக்கும் போட்டால் நடுவிலேயே நனைந்து, காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைக்கும். இரண்டு மூன்று இருந்தால் மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றை நிழலில் விரித்துக் காய வைக்கலாம். அதனால் விலை கூடின ஒன்றைவிட அதே அளவில் மூன்று வாங்குவதே மேல். கூடவே மழைக் கையுறை ஒரு ஜோடி வையுங்கள். இது இரண்டு கைக்குமாகச் சேர்த்து விற்கும் துணி வகை, நனைந்தால்தான் பிடிப்பு கூடும். அங்கே மத்தியான மழை அடிக்கடி வரும். ஆனாலும் இதை ஆட்டக்காரர்கள் தாங்களாக வாங்குவது அபூர்வம், மழை நின்றதும் மறந்துவிடுவார்கள். பரிசாக வந்தால் பையிலேயே கிடக்கும்.

வாங்கியதும் உறையைப் பிரிக்காதீர்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். நவம்பர் தொடக்கத்தில் ஆர்டர் செய்துவிட்டு மார்கழியில் கொடுக்கும்போது, மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்திருக்கும். பந்து, கையுறையில் அளவு மேல் சந்தேகம் இருந்தால் நோன்புக்கு இரண்டு வாரம் முன்பு வருகிற மாதிரி ஆர்டர் போடுங்கள்.

லேசர் ரேஞ்ச்ஃபைண்டரைப் பற்றி உங்கள் உறவுப் பையன் யாராவது சொல்வான். கொடிக்கம்பம் எத்தனை தூரம் என்று காட்டும் கருவி, 2019 முதல் விதிகளிலும் அனுமதி உண்டு, மேடு பள்ளத்தைக் கணக்கிடும் வசதியைப் போட்டியில் அணைத்து வைக்க வேண்டும். நல்ல பொருள்தான். ஆனால் இங்கே வாங்கினால் வாரண்டி பெரும்பாலும் இந்தியாவில்தான் செல்லும், கெட்டுப்போனால் அவர் அதை உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். தேவையென்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

இனி சபையில் வைத்துக் கொடுக்கும் விஷயம். பந்தும் கையுறையும் எவ்வளவு பயன்பட்டாலும் தட்டில் வைத்துக் கொடுக்கும்போது பார்வைக்கு எடுப்பாக இருக்காது. அதற்கு ஒரு வெள்ளிச் சாமான் செய்யலாம். பந்து குழி இருக்கும் பச்சைப் பரப்பில் நின்றதும், அதை எடுத்துத் துடைக்க வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டத் தகட்டை வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பால் மார்க்கர் என்பார்கள். அகலம் 2 அங்குலத்தையும் உயரம் 1 அங்குலத்தையும் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. உங்கள் பத்தரிடம் 25 மி.மீ. விட்டம், ஒன்றரை மி.மீ. கனத்தில் வெள்ளியில் செய்யச் சொல்லுங்கள். எட்டு கிராமுக்குள் அடங்கிவிடும். அதைவிட மெல்லிசாக வேண்டாம், எடுக்கும்போது நகத்துக்குச் சிக்காது. ஓரத்தைப் பிசிறில்லாமல் ராவ வேண்டும், இல்லையென்றால் பேண்ட் பையையும் கையுறையையும் கிழிக்கும். மேல்பக்கம் கண்ணாடி போல் மெருகேற்றவும் வேண்டாம், வெயிலில் எதிராளி கண்ணில் அடிக்கும். மங்கலான மெருகு போதும். ஆத்தங்குடித் தரைக் கல்லில் இருக்கும் பூவைக் கோடாக வெட்டச் சொன்னால் அழகாக வரும். ஒன்றை மட்டும் மகளிடம் முன்கூட்டிக் கேளுங்கள்: மாப்பிள்ளை தொப்பியில் காந்தக் கிளிப் மாட்டி அதில் மார்க்கரை ஒட்டி வைக்கிறவரா? வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. அப்படியானால் அடியில் மெல்லிய இரும்புத் தகடு பதிக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நாளே தொலைத்துவிடுவார்.

வெள்ளி வேண்டாம், செலவில்லாமல் வேண்டும் என்றால் பழைய பெட்டகத்தைத் திறந்து ஓட்டைக் காலணா ஒன்று தேடுங்கள். 1943 முதல் 1947 வரை அடித்த அந்த வெண்கலக் காசு பால் மார்க்கருக்காகவே செய்தது போன்ற அளவு. நடுவில் துளை இருப்பதால் சாவி வளையத்திலும் மாட்டிக்கொள்ளலாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், பழைய நிறமே நன்றாக இருக்கும். மலாயாக் கொடுக்கல் வாங்கல் இருந்த வீடுகளில் 1919 முதல் வந்த சதுர ஒரு சென்ட் காசும் கிடைக்கும். பார்க்க இன்னும் அழகு. ஆனால் 100 வயது நிறைந்த நாணயம் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அதைச் சம்பந்திக்குக் கொடுங்கள், சென்னையில்தானே இருக்கிறார்.

பந்தில் பெயர் அச்சடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அடையாளம் இல்லாமல் அடுத்தவர் பந்தை அடித்துவிட்டால் 2 அடி தண்டனை, அதனால் இது வெறும் அலங்காரமும் இல்லை. முழுப் பெயரைவிட வீட்டு விலாசம், அதாவது குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்து மூன்று, பொருத்தம். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். எழுத்துரு இல்லாத இயந்திரம் கட்டம் கட்டமாக அடித்துவிடும், சின்ன அச்சில் புள்ளிகளும் காணாமல்போகும். பந்தெல்லாம் அச்சடிக்கும்முன் ஒரு பந்தின் போட்டோ கேட்டுப் பாருங்கள். பிள்ளையார், வேல், மயில் எதையும் பந்தில் போடச் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்பார்கள், ஆனால் அந்தப் பந்தை இரும்பால் அடித்துச் சேற்றிலும் சாக்கடையிலும் தள்ளுவார்கள் என்பது அப்போது நினைவுக்கு வராது.

காலணி வைத்துக்கொள்ளக் கண்டாங்கித் துணியில் சுருக்குப்பை தைத்துக் கொடுத்தால் ஊர் அடையாளமாகவும் இருக்கும். 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம் இருந்தால் ஒரு ஜோடி அடங்கும். தைக்கும்முன் துணியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியின் மேல் அழுத்திப் பாருங்கள். அரக்கும் கறுப்பும் சாயம் விடுகிற துணியென்றால், பனியில் நனைந்த காலணி பட்டதும் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக் கையுறையில் ஏறிவிடும். இரண்டு மூன்று தடவை உப்புத் தண்ணீரில் அலசியும் நிற்காத துணியைத் தள்ளிவிடுங்கள்.

சம்பந்தி புதிதாகப் பழகுகிறவர் என்பதால் அவருக்கு வாங்குவது சுலபம். நான்கைந்து பயிற்சி வகுப்புக்கான கட்டணத்தைக் கொடுத்துவிடுவதே முதல் யோசனை. சென்னை நந்தனத்தில் உள்ள காஸ்மோ டிஎன்ஜிஎஃப் கோல்ஃப் மைதானம் மாதிரியான இடத்தில் அவர் எங்கே பழகுகிறார், யார் பயிற்சியாளர் என்று கேட்டு அவருக்கே கட்டுங்கள். புதுப் பயிற்சியாளரை ஏற்பாடு செய்தால், பழையவர் சொன்னதை இவர் மாற்றி, இரண்டும் கெட்டுவிடும். கையில் கொடுக்க மஞ்சள் நிற, மென்மையான இரண்டடுக்குப் பந்து ஒரு டஜன். அந்த வயதில் வெள்ளைப் பந்தை வானத்தில் தொடர்ந்து பார்ப்பது சிரமம், வீச்சு மெதுவாக இருப்பவருக்கு மென்மையான பந்து கையில் அதிராது. இன்னொன்று, விலையில் அற்பம், உபயோகத்தில் பெரிது: பட்டர் ஸ்டிக்கின் கைப்பிடி முனையில் செருகும் ரப்பர் கிண்ணம். ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்துக் குழிக்குள் அழுத்தினால் பந்து ஒட்டிக்கொண்டு வரும், ஒரு சுற்றில் 18 தடவை குனிய வேண்டியதில்லை. முழங்கால் வலி என்று அவர் வாய்விட்டுச் சொல்லாதவராக இருந்தால், மற்ற சாமான்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

விரல் மூட்டில் வீக்கமோ வலியோ இருந்தால் கைப்பிடி ரப்பரைச் சற்றுத் தடிமனான மிட்சைஸுக்கு மாற்றுவது நல்லது. ஆனால் ஒரு ஸ்டிக்கில் மாற்றிப் பார்த்து, அவர் சரி என்ற பிறகே மொத்த செட்டுக்கும். தடிமன் கூடினால் சிலருக்கு மணிக்கட்டு திரும்புவது குறைந்து பந்து வலப்பக்கம் ஓடும்.

பேரனுக்கு வாங்கும்போது வயதை மறந்துவிட்டு உயரத்தை அளந்து பாருங்கள். யூ.எஸ். கிட்ஸ் போன்ற சிறுவர் செட்டுகள் 3 அங்குல உயரத்துக்கு ஓர் அளவு என்று வருகின்றன; 51 அங்குலப் பையனுக்கு 51 என்ற செட். சட்டை வாங்குகிற மாதிரி "வளர்கிற பிள்ளை, ரெண்டு அளவு கூட இருக்கட்டும்" என்று வாங்கினால், நீளமும் கனமும் தாங்காமல் உடம்பையே சுழற்றி அடிக்கப் பழகிவிடுவான், பிறகு மாற்றுவது கஷ்டம். அப்பாவின் பழைய ஸ்டிக்கை வெட்டிக் கொடுப்பது அதைவிட மோசம். தண்டு குட்டையானால் விறைப்பு இன்னும் கூடும், தலைப்பகுதியின் கனமோ அப்படியே இருக்கும். முழு செட்டை அவன் அப்பா அங்கே அளந்து வாங்கட்டும். நீங்கள் சிறுவர் பட்டர் ஒன்று, மூன்று மீட்டர் உருட்டுப் பாய் ஒன்று, ஃபோம் பந்து ஒரு டஜன் வாங்குங்கள். பாயும் ஃபோம் பந்தும் டெகத்லானின் இனெசிஸ் வகையில் ஆன்லைனில் கிடைக்கும்.

நம் வீடுகளில் இதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை, வளவின் நடையில் பாயை விரித்தால் போதும். ஆத்தங்குடிக் கல் வழுக்கும், பாய் நகராமலிருக்க அடியில் ரப்பர் வலை போடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் நாலு மூலையிலும் கனமான பித்தளைச் சாமான் வைக்கலாம். பாயில் உருட்டுவதற்கு மட்டும் நிஜப் பந்து. தூக்கி அடிக்க ஆசைப்பட்டால் ஃபோம் பந்தோடு முற்றத்துக்குப் போகட்டும். நிஜப் பந்து கெட்டியானது, சிமெண்டில் வார்த்த அந்தக் கல்லில் விழுந்த இடம் பெயர்ந்துவிடும், ஜன்னலுக்கு மேல் பழைய வண்ணக் கண்ணாடி இருந்தால் அதற்கு மாற்றும் கிடைக்காது.

கட்டிக் கொடுக்க வண்ணக் காகிதம் எதற்கு, ஓலையில் பின்னிய கொட்டான் இருக்கிறதே. மூன்று பந்து உள்ள உறை 13 செ.மீ. நீளம், நடுத்தரக் கொட்டானில் இரண்டு உறை, கையுறை, வெள்ளி மார்க்கர் எல்லாம் அடங்கும்.

பணம் மிஞ்சினால், நோன்பு முடிந்த மறுநாள் மாப்பிள்ளையையும் சம்பந்தியையும் கொடைக்கானலுக்கு அனுப்பிவையுங்கள். 1895இல் தொடங்கிய கோல்ஃப் கிளப் அங்கே இருக்கிறது. போன் செய்து வெளியாட்களுக்கு அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு, ஸ்டிக் வாடகைக்குக் கிடைக்குமா, ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று கேட்பார்களா என்று இந்த நாலையும் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் கூட்டம் அதிகம், அறையை முதலில் பிடியுங்கள். காலையில் புல் பனியில் நனைந்திருக்கும், ஆளுக்கு இரண்டு துண்டு, ஒரு ஜோடி மாற்றுக் காலுறை போக வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் பந்து கோலாலம்பூரைவிடச் சற்றுத் தூரமாகப் போகும், மாப்பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும். சம்பந்தியிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், தன் வீச்சு தேறிவிட்டது என்று ஒரு நாள் சந்தோஷப்படட்டும்.